மாயக்குறியும் நஞ்சும்: ஃபேண்டஸி நாவல் வாசிக்கத் தொடங்குபவருக்கு

ஃபேண்டஸி நாவல்களுக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "நாயகியின் கழுத்தில் இருக்கும் அந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?" என்பது ஒன்று. "கையில் வாள் இருக்கும்போது எதற்காக நஞ்சு வைக்கிறார்கள்?" என்பது இன்னொன்று. இதற்குப் பட்டியல் போட்டுப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்: கறுப்புக் குறி என்றால் தீமை, பாம்பு வடிவம் என்றால் வஞ்சகம், பச்சை நிற நஞ்சு என்றால் பொறாமை. அந்தப் பட்டியலைக் கையிலேயே எடுக்காதீர்கள். ஒரு நாவலில் சாபமாக வரும் பாம்புக்குறி அடுத்த நாவலில் காவலாக வரும். குறியும் நஞ்சும் கதைக்குள் யாரை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால் அர்த்தம் தானாகப் பிடிபட்டுவிடும். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. இரண்டுமே தோலைச் சுற்றி நடக்கும் விவகாரம். குறி, ஒருவரைப் பற்றிய செய்தியை ஊர் பார்க்கும்படி வெளியே எழுதி வைக்கிறது. நஞ்சு, ஊருக்குத் தெரியாமல் உள்ளே இறங்குகிறது. எல்லோர் கண்ணிலும் படுகிற ஒன்றையும் யார் கண்ணிலும் படாத ஒன்றையும் ஒரே கதையில் வைத்த நாவலாசிரியர், அந்த இரண்டுக்கும் எங்கோ ஒரு முடிச்சு போட்டிருப்பார்.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, விளக்குவதற்காக நானே கட்டியது. மலை எல்லையில் ஒரு கோட்டை. அங்கே ஒரு பெண்ணுக்கு எழுத்தர் வேலை. ஏட்டில் எழுதுவதல்ல, கைதிகளின் கழுத்தைச் சுற்றி மையால் ஒரு வளையம் வரைவது. அந்த மை ஒரு நச்சு வேரை அரைத்து எடுத்தது. கைதி கோட்டைக்குள் இருக்கும்வரை மை தோலோடு நிற்கும், எல்லைக்கல்லைத் தாண்டினால் ரத்தத்தில் இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் வேரை அரைத்து அரைத்து அவளுடைய விரல்நுனிகளே நீலம் பாய்ந்துவிட்டன. சந்தைக்குப் போனால் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.

1. முதல் வருகையைக் குறித்து வையுங்கள்

பென்சில் ஒன்று போதும். குறியோ நஞ்சோ முதன்முதலாகத் தலைகாட்டும் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதை யார் பார்க்கிறார், எந்தச் சொல்லால் சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள். நம் கதையில் காவலன் அதை "வளையம்" என்கிறான். ஆவணத்தில் அது "முத்திரை". கைதியைப் பார்க்க வந்த குழந்தையோ, "அப்பா கழுத்துல யாரோ கோடு போட்டுட்டாங்க" என்கிறது. பொருள் ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் மூன்று இடத்தில் நிற்கிறார்கள். "யாரோ" என்று சொன்னது குழந்தை மட்டும்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆசிரியர் குழந்தையைக் கோட்டைக்குள் அழைத்து வந்திருக்கக்கூடும். இந்த மாதிரி இடங்களைத் தவறவிடாமல் இருக்கத்தான் பென்சில்.

2. குறியை யார் போட்டது?

வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள். குறிகள் பெரும்பாலும் நான்கு வழிகளில் வரும்: பிறவியிலேயே இருப்பது, பிறர் போட்டது, தானே போட்டுக்கொண்டது, காயத்தால் வந்தது. இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது பிறர் போட்ட குறி. ஏனென்றால் அதில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கையில்தான் ஊசி இருக்கிறது.

நிஜ வரலாற்றிலிருந்துதான் நாவலாசிரியர்கள் இதை எடுக்கிறார்கள். கிரேக்கர்களும் ரோமானியர்களும் அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் முகத்திலேயே குறி போட்டார்கள். 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் முகத்தில் குறி போடுவதை மட்டும் தடுத்தார். கைகளிலும் கால்களிலும் போடலாம், முகம் தெய்வச் சாயல் கொண்டது, அதைக் கெடுக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இதை அப்படியே ஒரு நாவலுக்குள் வைத்துப் பாருங்கள்: தண்டனை நிற்கவில்லை, இடம் மட்டும் மாறியது. ஆகவே ஒரு கதாபாத்திரத்தின் குறி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெற்றியில் இருப்பதை மறைக்க முடியாது. முதுகில் இருப்பதைத் தானே பார்க்க முடியாது. உள்ளங்கையில் இருந்தால் கைகுலுக்கும் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும்.

அவமானத்துக்காக மட்டுமே குறி போடப்பட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய 'ஓட்சி' என்ற மனிதனின் உடலில் 61 பச்சை குத்திய குறிகள் உள்ளன. பெரும்பாலும் சிறு கோடுகள், சில சிலுவை வடிவங்கள். பல குறிகள் மூட்டுகளிலும் அடிமுதுகிலும், எலும்பு தேய்ந்த இடங்களுக்கு அருகில் இருப்பதால் வலிக்கு வைத்தியமாகப் போட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனுக்குக் கடவுள் இட்ட அடையாளத்தைப் பலர் தண்டனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதைப்படி அது, அவனைப் பார்க்கிறவர்கள் கொன்றுவிடாமல் இருக்க இட்ட காப்பு. கொலைகாரனுக்கு ஏன் காப்பு என்ற கேள்வி உங்களைத் தொந்தரவு செய்தால் நல்லது. நல்ல ஃபேண்டஸியில் வரும் குறியும் அதே மாதிரித் தொந்தரவு செய்யும்.

தானே போட்டுக்கொண்ட குறியை ஆசிரியர்கள் வழக்கமாகக் கதையின் பிற்பகுதியில் வைப்பார்கள். பிறவிக் குறி பற்றி எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு. 'தோளில் நட்சத்திரம், ஆகவே இவன்தான் இளவரசன்' என்ற வகைக் கதைகளில் குறி ஒரு அடையாள அட்டைக்கு மேல் எதுவும் இல்லை. அந்த இளவரசன் அந்தக் குறியை வெறுத்தால்தான் கதை தொடங்குகிறது.

3. குறியை யாரால் வாசிக்க முடியும்?

டிராய் போர் முடிந்து பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பிய கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸின் கால்களைக் கழுவும்போது, தொடையில் பன்றி கிழித்த பழைய தழும்பைத் தடவிப் பார்த்தே அவனை வளர்த்த தாதி அடையாளம் கண்டுகொள்கிறாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் அந்தக் கணத்தில் தழும்பு பேசியது அவளிடம் மட்டும்தான். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மோகோ என்னும் முகக்குறி ஒருவரின் குலத்தையும் தகுதியையும் சொல்லக்கூடியது. 1840இல் பிரிட்டிஷாரோடு செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்தில் தலைவர்கள் சிலர் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் வடிவத்தையே வரைந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கோடுகளில் பரம்பரை தெரியும். தெரியாதவர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போவார்.

நாவலில் இதுதான் பெரிய வாய்ப்பு. குறியைத் தவறாக வாசிப்பவர் யார் என்று தேடுங்கள். கோட்டை எழுத்தரின் நீல விரல்களைப் பார்த்துச் சந்தையில் ஒருவர் "ஏதோ தண்டனை போலிருக்கிறது" என்று ஒதுங்கிப் போகிறார் என்று வையுங்கள். தண்டனை தருபவளைத் தண்டிக்கப்பட்டவள் என்று எண்ணிவிட்டார். அவர் நினைத்தது தப்பா? கதை முடியும்போதுதான் சொல்ல முடியும்.

குறி பொய்யும் சொல்லும். இயற்கையில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. நச்சுத் தவளைகள் பலவற்றுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம். 'என்னைத் தொடாதே' என்ற அறிவிப்பு அது. நஞ்சே இல்லாத உயிரினங்களும் நஞ்சுள்ளவற்றின் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கின்றன என்பதை அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து 1862இல் எழுதினார் இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ். தவளைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. தென் அமெரிக்க நச்சு அம்புத் தவளைகளுக்கு நஞ்சு அவை தின்னும் பூச்சிகளிலிருந்து வருகிறது. கூண்டில் பிறந்து வேறு தீனியில் வளர்ந்தால் நிறம் அப்படியே இருக்கும், நஞ்சு இருக்காது. அதிகாரம் பறிபோன பிறகும் முத்திரையை மட்டும் சுமந்து திரியும் முன்னாள் மந்திரவாதி ஒருவர் நாவலில் வந்தால் இந்தத் தவளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. நஞ்சு வந்தால்: யாருக்குத் தெரியும், எவ்வளவு நேரம்?

வாள் சண்டையில் இருவருக்கும் நடப்பது தெரியும். நஞ்சில் ஒருவருக்குத்தான் தெரியும். நஞ்சை நாவலாசிரியர்கள் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். கோப்பை மேசையில் வைக்கப்பட்ட கணத்திலிருந்து உதட்டைத் தொடும்வரை வாசகர், கொலையாளி, குடிப்பவர் ஆகிய மூவரில் யாருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். கொலையாளிக்கும் வாசகருக்கும் மட்டும் தெரிந்தால் அது பதற்றம். குடிப்பவருக்கும் தெரிந்திருந்தால் காட்சியின் குணமே மாறிவிடும்.

நண்பர் கண்முன்னே நஞ்சை ஊற்றினாலும், நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர் அதை உண்டு அமைவார் என்கிறார் வள்ளுவர். கொல்லும் பொருள் அங்கே நட்பின் அளவுகோலாக ஆகிவிடுகிறது. நம் கோட்டைக் கதையில் அப்படி ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம். ஒரு கிழட்டுக் கைதி, கழுத்தில் வளையம் வரைவதற்கு முன் தண்ணீர் கேட்கிறார். எழுத்தர் கொண்டு வருகிறாள். தன் நீல விரல்கள் விளிம்பில் படக் கூடாதென்று குவளையின் அடியைப் பிடித்து நீட்டுகிறாள். கை நடுங்கி ஒரு விரல் விளிம்பில் பட்டுவிடுகிறது. அவர் அதைப் பார்க்கிறார். குவளையைத் திருப்பவில்லை. விரல் பட்ட அதே பக்கத்தில் வாய் வைத்துக் குடிக்கிறார். வசனம் எதுவும் வேண்டியதில்லை. மன்னித்துவிட்டார் என்று ஒருவர் வாசிக்கலாம், எப்படியும் சாகப்போகிறவரின் அலட்சியம் என்று இன்னொருவர் வாசிக்கலாம். அவளைக் குற்றவுணர்வில் மாட்டிவிட அவர் செய்த தந்திரம் என்றுகூட வாசிக்கலாம். எந்த வாசிப்பு நிற்கும் என்பதை அடுத்தடுத்த அத்தியாயங்களில் அவர் நடந்துகொள்வதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். கி.மு. 399இல் ஏதென்ஸில் சாக்ரடீஸ் ஹெம்லாக் நஞ்சைக் குடித்தபோது மரத்துப்போதல் காலிலிருந்து மெல்ல மேலே ஏறியதையும், சிறைக்காரர் காலை அழுத்தி "தெரிகிறதா?" என்று கேட்டதையும் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். இதயத்தை எட்டியதும் முடிந்துவிடும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்படுகிறது. மெல்லக் கொல்லும் நஞ்சு பேச நேரம் தருகிறது. அந்த நேரத்தில் பாத்திரம் என்ன பேசுகிறது என்பதற்காகவே ஆசிரியர் அந்த நஞ்சைத் தேர்ந்தெடுத்திருப்பார். உடனே கொல்லும் நஞ்சு வந்தால், செத்தவரை விட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களைக் கவனியுங்கள்.

5. அளவைக் கவனியுங்கள்

எல்லாப் பொருளும் நஞ்சுதான், அளவுதான் நஞ்சா இல்லையா என்று தீர்மானிக்கிறது என்பது 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸின் கருத்து. ஃபாக்ஸ்குளோவ் செடி ஆளைக் கொல்லும். அதையே அளவறிந்து கொடுத்து, உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு மருந்தாக்கியதை 1785இல் எழுதினார் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங். நாவலில் மருத்துவச்சியும் நஞ்சு காய்ச்சுபவளும் ஒரே ஆளாக வந்தால் வியக்க வேண்டாம். அவள் கை எந்த இடத்தில் அளவை மீறுகிறது என்று பாருங்கள்.

கருங்கடல் கரையில் இருந்த பாண்டஸ் நாட்டு மன்னன் ஆறாம் மித்ரிடாட்டீஸ், நஞ்சு வைத்துக் கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில் தினமும் சிறிது நஞ்சு உண்டு உடம்பைப் பழக்கினான் என்பார்கள். ரோமானியரிடம் தோற்று, கி.மு. 63இல் தற்கொலைக்காக நஞ்சு குடித்தபோது அது வேலை செய்யவில்லை. கடைசியில் வாளால் கொல்லும்படி தன் வீரனிடமே கேட்க வேண்டியதாயிற்று என்கிறது பழங்கதை. நஞ்சு ஏறாத நாயகன் வரும் நாவல் எதையும் இதை மனதில் வைத்து வாசியுங்கள். அந்தப் பாதுகாப்புக்காக அவன் எதை இழந்தான்? ருசியா, தொடுதலா, பயமா? எதையும் இழக்கவில்லை என்றால் அது குறியீடு அல்ல, வெறும் சக்தி. சண்டைக் காட்சிக்கு உதவும், அவ்வளவுதான்.

6. இரண்டும் சந்திக்கும் இடம்

பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தைச் சிவன் உண்கிறார். விழுங்கினால் உள்ளே இருக்கும் உலகங்கள் அழியும், உமிழ்ந்தால் வெளியே இருப்பவை அழியும். நஞ்சு கண்டத்தில் நிற்கிறது, கழுத்து நீலமாகிறது, நீலகண்டன் என்ற பெயர் நிலைக்கிறது. இந்த ஒரு படிமத்தில் நாம் தேடுவது முழுக்க இருக்கிறது. அவர் கழுத்து நீலம் யாரோ இட்ட முத்திரை அல்ல, அழகுக்காகப் போட்டதும் அல்ல. ஊருக்காக எதை உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதன் சாட்சி.

மருத்துவத்திலும் இது நடக்கிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தவர்களின் ஈறு விளிம்பில் நீலக் கோடு தெரிவதை 1840இல் மருத்துவர் ஹென்றி பர்ட்டன் விவரித்தார். ஆர்சனிக் நஞ்சுக்கு ஆளானவர்களின் நகங்களில் குறுக்காக வெள்ளைக் கோடுகள் வரும். நகம் வளர வளரக் கோடும் முன்னே நகரும், அதை வைத்து நஞ்சு ஏறிய காலத்தைக்கூட ஓரளவு கணக்கிடலாம். யாருக்கும் தெரியாமல் வைத்த நஞ்சு, விரல்நுனியில் தேதி போட்டுக் காட்டிக்கொடுக்கிறது! ஒரு துப்பறியும் மந்திரவாதிக்கு இதைவிட நல்ல தடயத்தைக் கற்பனையில்கூட உண்டாக்க முடியாது.

ஆகவே வாசிக்கும்போது இரண்டு திசையிலும் தேடுங்கள். நஞ்சு எங்காவது குறியாக வெளியே வருகிறதா? குறி எங்காவது நஞ்சாக உள்ளே இறங்குகிறதா? கோட்டைக் கதையில் இரண்டும் நடக்கின்றன. கைதிகளின் கழுத்தில் குறி நஞ்சாகக் காத்திருக்கிறது. எழுத்தரின் விரலில் நஞ்சு குறியாகிவிட்டது. அவளுக்கு யாரும் முத்திரை போடவில்லை, செய்த வேலையே போட்டது. கோட்டைத் தலைவரின் கைகள் வெள்ளையாக இருக்கின்றன என்று ஆசிரியர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரிக்குக் கீழே அழுத்தமாகக் கோடு போடுங்கள். உத்தரவிட்டவரின் கையில் கறை இல்லை என்பதை ஆசிரியர் இதைவிட வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்.

7. முறிப்பதும் அழிப்பதும்

நஞ்சுக்கு முறிமருந்து, குறிக்கு அழிப்பு. கதை முடிவை நோக்கி நகரும்போது இவை வந்தே தீரும். அப்போது விலையைப் பாருங்கள். 1890களில் பாம்புக்கடிக்கு முறிமருந்து உருவான விதம் இதற்கு உதவும்: விலங்குக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பிழைக்க வேறோர் உடம்பு நஞ்சைத் தாங்க வேண்டியிருந்தது. நாவலில் முறிமருந்து சுலபமாகக் குப்பியில் கிடைத்தால் அந்த நஞ்சுக்கு ஆசிரியர் பெரிய அர்த்தம் எதையும் வைக்கவில்லை என்று பொருள்.

குறியின் முடிவில் மூன்று சாத்தியங்கள் வழக்கம். எழுத்தர் வளையங்களை அழிக்கும் மருந்தைக் கண்டுபிடிக்கிறாள் என்றால் அது விடுதலைக் கதை, கொஞ்சம் எதிர்பார்த்ததும்கூட. எல்லோருடைய கழுத்திலும், காவலர் கழுத்திலும் தலைவர் கழுத்திலும்கூட, அதே வளையத்தை வரைந்துவிடுகிறாள் என்றால் குறி அர்த்தம் இழக்கிறது. எல்லோருக்கும் இருப்பது யாரையும் பிரித்துக் காட்டாது. மூன்றாவதாக, தன் கழுத்தில் தானே வரைந்துகொண்டு கிழவரோடு எல்லைக்கல்லை நோக்கி நடக்கிறாள் என்றால், தண்ணீர்க் குவளைக் காட்சிக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசியுங்கள். அங்கே நிற்காமல் கிடந்த வாசிப்புகளில் ஒன்று இப்போது நிற்கும்.

8. எங்கே நிறுத்துவது?

புதியவர்களுக்கு இது ஒரு சிக்கல். தேடக் கற்றுக்கொண்டதும் எல்லாமே குறியீடாகத் தெரியும். என் கணக்கு எளிமையானது. ஒரு குறியோ நஞ்சோ கதையில் திரும்பத் திரும்ப வர வேண்டும். வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்: நிறம், பார்ப்பவர், அதைப் பற்றிப் பேசும் தொனி, எதுவானாலும் சரி. யாராவது ஒருவர் அதனால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லை என்றால் ஆசிரியர் அதை நிறத்துக்காகச் சேர்த்திருக்கிறார், அதில் தவறும் இல்லை. முரட்டுக் காவலாளி ஒருவனின் முன்கையில் டிராகன் பச்சை குத்தியிருக்கிறது, ஒரு வரியில் வந்து போகிறது என்றால், டிராகன் எதைக் குறிக்கிறது என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.